ஒரு நொடிக்கு 24 சிங்கங்கள்

திரை இருண்டு கிடக்கிறது. ஜூலு மொழியில் ஒரு குரல் ஓங்கி எழ, அதே கணத்தில் அடிவானத்திலிருந்து சூரியன் மேலே வருகிறது. அதன்பின் ஏறக்குறைய நான்கு நிமிடத்துக்கு யாரும் ஒரு சொல் பேசுவதில்லை. காண்டாமிருகம் தலை நிமிர்கிறது. பூநாரைக் கூட்டம் நீருக்கு மேலே பறக்கிறது. குட்டியோடு ஒட்டகச்சிவிங்கி மேடேறி வருகிறது. எல்லாம் ஒரே பாறையை நோக்கிப் போகின்றன. அந்தப் பாறை நுனியில் வயதான குரங்கு ஒன்று சிங்கக்குட்டியை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடிக்கிறது. ஒரே ஒரு முரசடி. திரை கறுத்து, படத்தின் பெயர் வருகிறது.

1994 ஜூனில் வெளியான டிஸ்னியின் ‘தி லயன் கிங்’ இப்படித்தான் தொடங்குகிறது. இந்தக் காட்சிக்கு முதலில் வசனம் இருந்தது. எல்டன் ஜானின் பாடலை ஹான்ஸ் ஸிம்மர் இசைக்கோவையாக்கிக் கொடுத்ததும், தென்னாப்பிரிக்கப் பாடகர் லெபோ எம் அதற்குக் குரல் கொடுத்ததும் கேட்ட பிறகு, பேச்சு எதுவும் வேண்டாமென்று எடுத்துவிட்டார்கள். 1993 நவம்பரில் படத்துக்கு முன்னோட்டம் வெளியிட வேண்டியிருந்தபோது, முழுப்படத்தில் மூன்றில் ஒரு பங்குதான் முடிந்திருந்தது. துண்டு துண்டாக வெட்டி ஒட்டாமல் இந்தத் தொடக்கக் காட்சியை அப்படியே முன்னோட்டமாகத் திரையிட்டார்கள்.

இந்தியாவில் இப்படத்தைப் பலர் கேபிள் டி.வி.யிலோ வாடகை கேசட்டிலோ வி.சி.டி.யிலோதான் முதலில் பார்த்தார்கள். குட்டிச்சிங்கம் சிம்பா, அப்பா முஃபாசா, வில்லனான சித்தப்பா ஸ்கார் என்ற பெயர்கள் நினைவில் நிற்கின்றன, பாட்டு நிற்கிறது, பள்ளத்தாக்கில் அப்பா விழுந்த காட்சி நிற்கிறது. முப்பது வருஷம் கழித்தும் அந்தக் காட்சிகள் பழசாகாமல் இருப்பது எப்படி என்று கேட்டால், கதையைச் சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தின் சாயல் கொண்ட கதை, தந்தையை இழந்த மகன், திரும்பி வரும் வாரிசு. அது உண்மைதான், ஆனால் பாதிதான். மீதிப் பாதி, அந்தச் சிங்கங்கள் எப்படி வரையப்பட்டன என்பதில் இருக்கிறது. பென்சில் எங்கே போதும், எங்கே போதாது என்று கணக்காகத் தெரிந்தவர்கள் செய்த படம் இது. போதாத இடத்தில் மட்டும்தான் கணினியைக் கூப்பிட்டார்கள்.

முதலில் கணக்கு. சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாப் படங்கள். இந்தப் படத்தில் தனித்தனியாக வண்ணமேற்றப்பட்ட ஃபிரேம்கள் 1,19,058 என்பது டிஸ்னி தந்த எண். 24 ஆல் வகுத்தால் 82 நிமிடம் 40 நொடி வரும். படத்தின் நீளம் 88 நிமிடம் என்பதால், கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலைத் தவிர கிட்டத்தட்ட எல்லாமே இதில் அடங்கிவிடுகிறது. கையால் வண்ணம் தீட்டிய பின்னணி ஓவியங்கள் 1,197. மொத்தமாக வரையப்பட்ட தாள்கள் பத்து லட்சத்துக்கும் மேல். ஒரு ஃபிரேமில் இரண்டு மூன்று பாத்திரங்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித் தாள். நிழலுக்கு ஒரு தாள், புழுதிக்கு ஒரு தாள். இதுபோக முதலில் கரடுமுரடாக வரைந்தது, பிறகு துப்புரவாக வரைந்தது என்று ஒரே படம் பலமுறை வரையப்படும். அதனால்தான் ஃபிரேம் ஒரு லட்சம், தாள் பத்து லட்சம். 600-க்கும் மேற்பட்ட ஓவியர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் இதில் உழைத்தார்கள்.

ஒரு காட்சி தாளில் உருவாவது இப்படி. முதலில் குரல் பதிவாகும். முஃபாசாவுக்கு ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், ஸ்காருக்கு ஜெரமி அயர்ன்ஸ். பதிவான வசனத்தை ஃபிரேம் ஃபிரேமாகப் பிரித்து, எந்த ஃபிரேமில் எந்த எழுத்தின் ஒலி விழுகிறது என்று எக்ஸ்போஷர் ஷீட் எனப்படும் நீளத்தாளில் குறித்துவிடுவார்கள். அனிமேட்டர் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடியில் விளக்கெரியும் மேசையில் வரைவார். தாளின் ஓரத்தில் மூன்று துளைகள் இருக்கும்: நடுவில் ஒன்று வட்டம், இருபக்கமும் இரண்டு நீளவாட்டுத் துளைகள். மேசையில் இருக்கும் உலோகப் பட்டையின் முளைகளில் இந்தத் துளைகள் உட்காரும். எந்தத் தாளை எடுத்து மறுபடி வைத்தாலும் ஒரு மயிரிழைகூட நகராது. அந்த முளை தேய்ந்தாலோ துளை கிழிந்தாலோ, திரையில் பாத்திரம் காரணமில்லாமல் நடுங்கும்.

அனிமேட்டர் எல்லாத் தாளையும் வரைவதில்லை. அசைவின் முக்கியமான நிலைகளை மட்டும் வரைந்து, இவற்றுக்கு இடையில் எத்தனை படங்கள், எந்த இடைவெளியில் வரவேண்டும் என்று தாளின் ஓரத்தில் ஓர் அளவுகோல் போட்டுக் கொடுப்பார். இடைப்படங்களை உதவியாளர்கள் நிரப்புவார்கள். இடைவெளி சமமாக இருந்தால் அசைவு இயந்திரம் போலிருக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் படங்களை நெருக்கி, நடுவில் அகலமாக விட்டால் எடையும் உயிரும் வரும். ஒரு சிங்கம் தலையைத் திருப்பும்போது கழுத்து நேர்க்கோட்டில் நகராமல் சற்றுத் தாழ்ந்து வளைந்து திரும்பவேண்டும். இடைப்படம் போடுகிறவர் இரண்டு நிலைகளுக்கும் நேர் நடுவில் வரைந்துவிட்டால், அந்த ஒரு படத்தில் முகம் சுருங்கிவிடும். தனித்தாளாகப் பார்க்கும்போது தவறு கண்ணில் படாது. ஓடவிட்டால் முகம் ‘மூச்சுவிடுவது’ போல் பெருத்துச் சிறுக்கும். இதைப் பிடிப்பதற்காகத்தான் வண்ணத்துக்குப் போகும் முன் பென்சில் கோட்டையே படம்பிடித்து ஓட்டிப் பார்ப்பார்கள்.

எல்லா அசைவுக்கும் நொடிக்கு 24 படம் தேவையில்லை. ஒரே படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தினால் நொடிக்கு 12 போதும். நிதானமான பேச்சுக்கும் நடிப்புக்கும் இது பொருந்தும், கோடும் அலையாமல் நிற்கும். ஆனால் பின்னணி பக்கவாட்டில் நகரும்போது பாத்திரத்தை இரண்டிரண்டாக வைத்தால் வினை வந்துவிடும். பின்னணி ஒவ்வொரு ஃபிரேமிலும் நகர்கிறது, கால் ஒன்றுவிட்டு ஒன்றில்தான் நகர்கிறது. பாதம் தரையில் ஊன்றாமல் சறுக்கி நடுங்குகிற மாதிரி தெரியும். அத்தகைய இடங்களில் வேறு வழியே இல்லை, 24-ம் வரையவேண்டும். ஒரு தேர்ந்த அனிமேட்டர் ஒரு வாரம் முழுக்க உழைத்தாலும் திரையில் சில நொடிகள்தான் கிடைக்கும்.

இதற்கு மேல், சிங்கம் என்கிற பிரச்சினை இருந்தது. மனிதர் ஒருவர்கூட இல்லாத படம். துணைக்குத் துணியோ தொப்பியோ கைகளோ கிடையாது. நான்கு கால், ஒரு வால், ஒரு முகம். இதற்காக, வனவிலங்கு நிபுணர் ஜிம் ஃபவுலர் உயிருள்ள சிங்கங்களை ஸ்டூடியோவுக்கே கொண்டுவந்து காட்டினார். 1991 நவம்பரில் படக்குழுவினர் சிலர் கென்யாவுக்குப் போனார்கள். அங்குள்ள ஹெல்ஸ் கேட் தேசியப் பூங்காவின் பாறைகளும் மலையிடுக்கும் படத்தின் நிலத்துக்கு அடிப்படையாயின. படத்துக்கு ஒரு கட்டத்தில் இருந்த பெயர் ‘கிங் ஆஃப் த ஜங்கிள்’. சிங்கம் அடர்காட்டில் வாழ்வதில்லை, புல்வெளியில் வாழ்கிறது என்பதால் பெயரை மாற்றினார்கள்.

சிங்கத்தின் நடையைக் கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். நமக்குத் தோள்பட்டையை மார்போடு பிணைக்கிற காறையெலும்பு இருக்கிறது. பூனைக் குடும்பத்தில் அது சுருங்கி, எதனோடும் இறுக்கமாகச் சேராமல் சதைக்குள் கிடக்கிறது. அதனால் முன்கால் ஊன்றும்போது தோளெலும்பு முதுகுக்கோட்டுக்கு மேலே எழும்பி, கால் தூக்கும்போது கீழே இறங்கும். முஃபாசா புல்வெளியில் நடந்து வருகிற காட்சியில் முகத்தை விட்டுவிட்டுத் தோளை மட்டும் பாருங்கள். இரண்டு தோளும் மாறி மாறி ஏறி இறங்கும்; அந்த ஏற்ற இறக்கத்தில்தான் அந்த உடம்பின் கனம் தெரிகிறது. கால்களின் வரிசையும் மாறாது: இடப் பின்கால், இட முன்கால், வலப் பின்கால், வல முன்கால். இந்த வரிசை குலைந்தால் சிங்கம் மேசை நடப்பது போல் இருக்கும். நாலுகால் விலங்கை வரையத் தொடங்குகிற யாருக்கும் முதலில் நடக்கிற தவறு இதுதான். முன்னங்கால் இரண்டையும் ஒருவரும் பின்னங்கால் இரண்டையும் இன்னொருவரும் சுமந்து நடக்கிற நாடகக் குதிரை வந்துவிடும்.

எலும்பு எல்லாருக்கும் ஒன்று, நடை அப்படியல்ல. டோனி ஃபூசில் பொறுப்பில் இருந்த முஃபாசா, எடையை நான்கு காலிலும் சமமாக வைத்து நிற்பவன். ஆண்ட்ரியாஸ் டேஜா பொறுப்பேற்ற ஸ்கார் மெலிந்தவன். இடுப்பு தொய்ந்து, மணிக்கட்டு வளைந்து, தரையைத் தொடவே விருப்பமில்லாதவன்போல் நடப்பான். ஜெரமி அயர்ன்ஸ் பேசும்போது முகம் போகிற போக்கையும் டேஜா அந்த முகத்தில் கொண்டுவந்தார். இன்னொன்று: மற்ற சிங்கங்களின் நகம் தேவைப்படும்போதுதான் வெளியே வரும், ஸ்காரின் நகம் சும்மா நிற்கும்போதும் வெளியே தெரியும். குழந்தைகள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை, ஆனாலும் அவனைக் கண்டதும் பின்வாங்குகிறார்கள். குட்டி சிம்பாவை ஃபுளோரிடா கிளையில் இருந்த மார்க் ஹென்னும், வளர்ந்த சிம்பாவை ரூபன் அக்கினோவும் வரைந்தார்கள். ஒரே பாத்திரம், இரண்டு கை. பிடரி மயிர் வளர்ந்தாலும் கண்ணின் அமைப்பு ஒத்துப்போகிறது. இல்லாவிட்டால் பாலத்தின்மேல் நடந்தபடியே சிம்பா பெரியவனாகிற அந்தப் பாட்டு நம்பும்படியாக இருக்காது.

வரைந்து முடித்த பிறகு வண்ணம். பழைய முறையில் ஒவ்வொரு கோட்டோவியத்தையும் ‘செல்’ எனப்படும் கண்ணாடி போன்ற தாளுக்கு மாற்றி, பின்பக்கமாக வண்ணம் பூசி, பின்னணி ஓவியத்தின் மேல் அடுக்கி, மேலிருந்து கேமராவால் எடுப்பார்கள். கோட்டைக் கையால் மை போட்டு எடுத்தது ஒரு காலம். 1961 முதல் டிஸ்னி முழுநீளப் படங்களுக்கே ஜெராக்ஸ் முறையைக் கொண்டுவந்தது. இந்த முறையின் தொல்லை செல்லில்தான் இருந்தது. பார்க்கக் கண்ணாடிபோல் இருந்தாலும் அது முழுத் தெளிவல்ல; ஒவ்வொரு தாளும் கீழே இருப்பதைச் சற்று மங்கலாக்கும். நாலைந்து தாளுக்கு மேல் அடுக்கினால் அடியில் உள்ள பாத்திரம் சாம்பல் படிந்தமாதிரி ஆகிவிடும். அதே சிம்பா ஒரு ஷாட்டில் மேல் அடுக்கிலும் அடுத்த ஷாட்டில் கீழ் அடுக்கிலும் வந்தால் நிறம் மாறிவிடும்; அதைச் சரிக்கட்ட அடுக்குக்கு ஏற்றபடி வண்ணத்தையே வேறு கலவையில் தயாரிக்கவேண்டும். தூசி, விரல்ரேகை, கீறல் என்று மற்றவை தனி.

டிஸ்னி, பிக்ஸாருடன் சேர்ந்து உருவாக்கிய கேப்ஸ் என்ற கணினி அமைப்பு இந்தச் சிக்கலை அவிழ்த்தது. பென்சில் ஓவியத்தை ஸ்கேன் செய்து, வண்ணத்தைத் திரையில் நிரப்பி, கையால் தீட்டிய பின்னணியையும் ஸ்கேன் செய்து, எல்லா அடுக்கையும் கணினியில் சேர்த்து, கடைசியில் ஃபிலிமில் பதிக்கலாம். 1990-ல் வந்த ‘தி ரெஸ்க்யூவர்ஸ் டவுன் அண்டர்’ முழுக்க இம்முறையில் முடிக்கப்பட்ட முதல் டிஸ்னி படம். அடுக்கு எத்தனை வந்தாலும் நிறம் மங்காது. கோட்டையே கறுப்பில்லாமல் உடலின் நிறத்தில் வைக்கலாம். நிழலின் ஓரத்தை மென்மையாக்கலாம். வரைவது மட்டும் மனிதர் கையில் அப்படியே இருந்தது.

தொடக்கப் பாட்டிலேயே இதன் பலன் தெரிகிற ஓர் இடம் உண்டு. ஒரு கிளையில் எறும்புகள் இலைத்துண்டுகளைச் சுமந்து வரிசையாகப் போகின்றன. பின்னால் ஏதோ மங்கலாக அசைகிறது. பார்வை மெல்ல எறும்பிலிருந்து விலகிப் பின்னால் போகிறது. மங்கலாக இருந்தவை வரிக்குதிரைகள் என்று தெரிகிறது. நிஜக் கேமராவில் லென்ஸைத் திருகினால் முடிகிற வேலை இது. தட்டையான தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி எடுக்கும்போது நடக்காது. அடுக்குகளைக் கண்ணாடித் தட்டுகளில் இடைவெளிவிட்டு வைக்கும் மல்டிபிளேன் கேமராவை டிஸ்னி 1937-லேயே பயன்படுத்தியது. ஆனால் அது ஆளுயரத்தைத் தாண்டிய எந்திரம், ஒவ்வொரு ஷாட்டுக்கும் பெரும் செலவு. கேப்ஸில் எறும்பு ஓர் அடுக்கு, வரிக்குதிரை ஓர் அடுக்கு. ஒன்றை மங்கலாக்கி மற்றதைத் தெளிவாக்கினால் ஆயிற்று. சொல்லியே ஆகவேண்டியது ஒன்று: இலை வெட்டிச் சுமக்கும் அந்த எறும்புகள் அமெரிக்கக் கண்டங்களில்தான் வாழ்கின்றன, ஆப்பிரிக்காவில் கிடையாது. அவ்வளவு தூரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கும் இது தப்பிவிட்டது.

இனி மலையிடுக்குக் காட்சி. குட்டி சிம்பா பள்ளத்தின் நடுவே உட்கார்ந்து, ஒரு பச்சோந்தியைப் பார்த்துக் கர்ஜிக்கப் பழகிக்கொண்டிருக்கிறான். மூன்றாம் முறை கத்துகிறபோது அது எதிரொலிக்கிறது, அவனுக்குப் பெருமை. அப்புறம் தரையில் கிடக்கும் சின்னக் கற்கள் தாமாகத் துள்ளுகின்றன. அவன் நிமிர்ந்து பார்க்கிறான். மேல் விளிம்பைத் தாண்டி வில்டபீஸ்ட் கூட்டம் அருவிபோல் கொட்டுகிறது. மாட்டுத் தலையும் மான் உடம்பும் கொண்ட இந்த விலங்குகள் உண்மையிலேயே ஆயிரக்கணக்கில் திரளாக ஓடுபவை.

திரையில் இது இரண்டரை நிமிடம். இதற்கெனப் பயிற்சி பெற்ற ஐந்து பேர் இரண்டு ஆண்டுக்கும் மேல் உழைத்தார்கள். கையால் வரைய முயன்றால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு விலங்கு ஓடுகிற ஷாட் ஐந்து நொடி என்று வையுங்கள். நொடிக்கு 24 வீதம் 120 ஃபிரேம். நூறால் பெருக்கினால் 12,000 விலங்குப் படங்கள், ஐந்து நொடிக்கு. கேமராவும் நகர்வதால் ஒன்றைத் திரும்பப் பயன்படுத்தவும் வழியில்லை. இங்கேதான் பென்சில் போதாமல் போயிற்று.

அதனால் ஒரு வில்டபீஸ்டைக் கணினியில் முப்பரிமாண உருவமாகச் செய்து, ஓடவும் துள்ளவும் வைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்ட சில உருவங்களை இப்படி உண்டாக்கி, அவற்றை நூற்றுக்கணக்கில் பெருக்கினார்கள். பெருக்குவது சுலபம், பெருக்கியது தெரியாமல் இருப்பதுதான் கஷ்டம். எல்லாம் ஒரே ஓட்டச் சுழற்சியில், ஒரே நேரத்தில் கால் தூக்கினால் அது மந்தையாக இராது, குடியரசு தின அணிவகுப்பாக இருக்கும். ஒவ்வொன்றின் சுழற்சியும் வெவ்வேறு ஃபிரேமில் தொடங்கவேண்டும். பாதையும் தனித்தனியாக வேண்டும். அதற்காக எழுதிய நிரல், விலங்குகளுக்குத் தற்செயலான பாதைகளைக் கொடுத்தது. ஆனால் முற்றிலும் தற்செயலாக விட்டால் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். ஆகவே மோதாமல் விலகவும் வேண்டும், கூட்டமாகவும் இருக்கவேண்டும். ஓடுகிற வேகமும் ஓர் எட்டில் கடக்கிற தூரமும் பொருந்தாவிட்டால் இங்கும் அதே பழைய நோய்: பாதம் சறுக்கும். காலடியில் கிளம்புகிற புழுதி அச்சத்தையும் கூட்டுகிறது, தரையும் குளம்பும் சேருகிற இடத்தையும் மூடிவிடுகிறது.

மிகப் பெரிய சவால் இதற்கு அப்புறம்தான். முப்பரிமாண உருவம் தன் இயல்பில் உருண்டு திரண்டு மினுமினுப்பாக நிற்கும். அதன் நடுவே கோட்டோவியமாக ஒரு குட்டிச்சிங்கத்தை ஓடவிட்டால், இரண்டும் வெவ்வேறு படத்திலிருந்து வந்தவைபோல் ஒட்டாமல் நிற்கும். அதனால் கணினி விலங்கின் மேனியில் வெளிச்ச நெளிவுகளை விட்டுவிட்டு, தட்டையான வண்ணமும் ஓரத்தில் பென்சில் கோடு போன்ற கோடுமாக மாற்றினார்கள். அதாவது கணினியைக் கையோவியம் போல நடிக்கவைத்தார்கள். 1994-ல் கணினிப் படம் என்றாலே பளபளப்பைக் காட்டிப் பெருமைப்பட்ட காலம். அந்தப் பளபளப்பை இவர்கள் வேண்டுமென்றே துடைத்துவிட்டார்கள். அதே காலத்துக் கணினிக் காட்சிகள் பலவும் இன்று கண்ணை உறுத்துகின்றன, இந்த இரண்டரை நிமிடம் உறுத்தவில்லை. காரணம் இந்தத் துடைப்புதான்.

இன்னொரு நுட்பமும் இதில் இருக்கிறது. கூட்டம் வருவதைப் பார்த்ததும் சிம்பாவின் முகத்தை நோக்கிப் பார்வை பாய்கிறது. அதே நேரத்தில் பின்னணி வேறு வேகத்தில் நகர்கிறது. வயிற்றைப் பிசைகிற உணர்வு அதனால்தான் வருகிறது. முகம் தனி அடுக்கு, பள்ளத்தாக்கு தனி அடுக்கு என்பதால் இரண்டையும் இரு வேகத்தில் நகர்த்த முடிந்தது. அந்த முகத்தில் கணினியின் வேலை எதுவும் இல்லை. விரிந்த கண்ணும் காதோரம் படிந்த மயிரும் ஓர் ஓவியர் வரைந்தவை.

கூட்டம் ஓடி ஓய்ந்த பிறகு படம் செய்கிற காரியம், என் பார்வையில், இரண்டரை நிமிட ஆரவாரத்தைவிடப் பெரியது. புழுதி மெல்ல அடங்குகிறது. சிம்பா அப்பாவைத் தலையால் முட்டுகிறான். காதைப் பல்லால் பற்றி இழுக்கிறான். காது விடுபட்டுத் திரும்பித் தன் இடத்தில் விழுகிறது. உதவி கேட்டுக் கத்துகிறான். பள்ளத்தாக்கு திருப்பிச் சொல்கிறது. பிறகு அப்பாவின் முன்காலைத் தூக்கி அதனடியில் நுழைந்து படுத்துக்கொள்கிறான். இந்த இடத்தில் தாளும் பென்சிலும்தான் முன்னே நிற்கின்றன. முஃபாசா அசைவதே இல்லை. அவனை அசையாமல் வைத்து, குட்டியை மட்டும் அசையவிடுவதுதான் மரணத்தைச் சொல்கிற வழி. அசையாத ஓவியம் சாதாரணமாக அனிமேஷனில் குறை. ஓரிரு நொடிக்கு மேல் பாத்திரம் உறைந்து நின்றால் அது வெறும் படமாகிவிடும். அந்தக் குறையையே இங்கே அர்த்தமாக மாற்றியிருக்கிறார்கள்.

பெயர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ‘சிம்பா’ என்பதைக் கேட்டவுடன் நமக்குச் ‘சிம்மம்’ ஞாபகம் வரும். இரண்டுக்கும் உறவில்லை. சுவாஹிலியில் சிம்பா என்றால் சிங்கம். அது ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிக் குடும்பத்துச் சொல். ஒலி ஒத்துப்போனது தற்செயல். ஆனால் தொடக்கத்தில் குட்டியைத் தூக்கிக் காட்டும் வயதான குரங்கு ரஃபிக்கியின் பெயர் நமக்கு உண்மையிலேயே சொந்தம்: அரபு ‘ரஃபீக்’தான் கடல்வணிகத்தோடு கிழக்காப்பிரிக்கக் கரைக்குப் போய்ச் சுவாஹிலியில் ‘ரஃபிக்கி’ ஆயிற்று, நண்பன் என்று பொருள். நம் ஊர்களில் ரஃபீக் என்று பெயர் உள்ளவர்கள் எத்தனையோ பேர். சிம்பாவின் அம்மா சராபியின் பெயர் கானல்நீர். அதுவும் அரபு வழி வந்தது. எப்போதும் படபடக்கும் பறவை ஸாஸு, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பார்க்கிற இருவாச்சியின் ஆப்பிரிக்க உறவு.

தொடக்கத்தில் எழும் அந்த ஜூலு வரிக்கு ‘தந்தையே, இதோ ஒரு சிங்கம் வருகிறது’ என்பதுதான் அர்த்தம். மந்திரம்போல ஒலிப்பது, உண்மையில் ஓர் எளிய அறிவிப்பு. படத்தில் இன்னொரு ஜூலு சிங்கமும் இருக்கிறது. சிம்பாவின் நண்பர்களான டிமோனும் பும்பாவும் போகிற போக்கில் பாடுகிற ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ மெட்டு, 1939-ல் தென்னாப்பிரிக்காவின் சாலமன் லிண்டா பதிவு செய்த ‘எம்பூபே’ என்ற பாட்டிலிருந்து வந்தது. எம்பூபே என்றாலும் சிங்கம்தான். அந்தப் பாட்டின் உரிமை அவரிடமிருந்து 10 ஷில்லிங்குக்குப் போயிற்று. அது உலகமெல்லாம் பாடப்பட்டபோதும் லிண்டா 1962-ல் ஏழையாகவே இறந்தார். அவருடைய மகள்களின் சார்பில் 2004-ல் டிஸ்னி மேல் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2006-ல் சமரசத்தில் முடிந்தது. குழந்தைகள் சிரித்துக்கொண்டே முணுமுணுக்கிற மெட்டுக்குப் பின்னால் இப்படியொரு குடும்பத்தின் பட்டினி இருந்ததைப் படத்தை நேசிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

ஸ்டூடியோவுக்குள் இந்தப் படத்தின்மேல் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. அதே சமயத்தில் தயாரான ‘போகஹான்டஸ்’தான் கௌரவமான படம் என்று பேச்சு, மூத்த கலைஞர்கள் பலர் அந்தப் பக்கம் போனார்கள். முதலில் இயக்குநராக இருந்த ஜார்ஜ் ஸ்கிரிப்னர் விலகி, ரோஜர் ஆலர்ஸும் ராப் மின்காஃபும் சேர்ந்து முடித்தார்கள். வெளியீட்டுக்குச் சில மாதம் இருக்கையில், 1994 ஜனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வந்து ஸ்டூடியோவை மூடவேண்டியதாயிற்று. அனிமேட்டர்கள் வீட்டில் உட்கார்ந்து வரைந்து முடித்தார்கள். அப்படி வந்த படம் 1994-ல் உலகிலேயே அதிகம் வசூலித்தது.

கேசட்டில் பார்த்தவர்களுக்கு ஒரு தகவல். ஃபிலிம் நொடிக்கு 24 ஃபிரேம். அப்போது நம் நாட்டு டி.வி. முறையாக இருந்த ‘பால்’ (PAL), நொடிக்கு 25. படத்தை அதற்கு மாற்றும்போது வழக்கமாகச் செய்தது, அப்படியே சற்று வேகமாக ஓட்டுவதுதான். 88 நிமிடப் படம் 84 நிமிடம் 30 நொடியில் முடிந்துவிடும். பாட்டின் சுருதியும் ஏறக்குறைய முக்கால் அரைஸ்வரம் உயரும். சிறுவயதில் கேட்டதைவிட இப்போது முஃபாசாவின் குரல் இன்னும் கனமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், அது அவர்களுடைய கற்பனையாக இருக்கவேண்டியதில்லை.

2019-ல் ஜான் ஃபாவ்ரோ இயக்கத்தில் அதே கதை நிஜ விலங்குகள் போன்ற கணினிப் படமாக வந்தது. தமிழில் சிம்பாவுக்குச் சித்தார்த்தும் ஸ்காருக்கு அரவிந்த்சாமியும் குரல் கொடுத்தார்கள். தொடக்கச் சூரியோதயம் ஒன்றுதான் அதில் கேமராவில் எடுத்த ஷாட், மற்றதெல்லாம் கணினி. மயிர் ஒவ்வொன்றும் காற்றில் அசைகிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நிஜச் சிங்கத்துக்குப் புருவம் கிடையாது, உதடு குவித்துப் பேசவும் வராது. நிஜத்துக்கு விசுவாசமாக இருப்பதென்று முடிவு செய்ததும், முகத்தின் பாதி நடிப்பு போய்விடுகிறது. துயரம், கேலி, பயம் எல்லாவற்றுக்கும் மாறாத ஒரே முகம்தான். குரல் அழுகிறது, முகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. 1994-ன் ஸ்காருக்கு ஒரு புருவத்தை மட்டும் தூக்கத் தெரியும். உடம்பில் சிங்கத்தின் எலும்பையும் முகத்தில் மனிதரின் புருவத்தையும் வைத்தது அந்த ஓவியர்கள் செய்த சமரசம். எந்த எலும்பை மதிப்பது, எதை மீறுவது என்று தெரிந்து செய்த சமரசம்.

அடுத்தமுறை படத்தைப் பார்க்கும்போது ஓர் இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். கழுதைப்புலிகளிடமிருந்து காப்பாற்றிய பிறகு, அந்தி மயங்கும் புல்வெளியில் முஃபாசா மகனைக் கூப்பிடுகிறான். திட்டு விழப்போகிறது என்று தெரிந்து குட்டி தயங்கித் தயங்கி வருகிறது. வருகிற வழியில் முன்கால் எதற்குள்ளோ இறங்குகிறது. அப்பாவின் காலடித்தடம், குட்டியின் பாதம் அதில் ஒரு மூலையைக்கூட நிரப்பவில்லை. பெரிய அசைவு இல்லை, கூட்டம் இல்லை, வசனம் இல்லை. தடத்தின் ஓரத்தில் நசுங்கிய புல், அதன் நடுவே மெல்லிய கோட்டில் ஒரு சின்னப் பாதம். குட்டி அதைக் குனிந்து பார்க்கிறது. பார்க்கும் நேரம் முழுக்கப் பாதம் அங்கேயே நிற்கிறது.